கலைச்சொல்: குடும்பநல அட்டவணையா, கால்வழிப் படமா, கொடிவழியா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டை அண்ணாச்சி சென்ற வாரம் முன்வைத்த 'குடும்பநல வரலாற்று அட்டவணை' என்னும் சொல்லை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மூன்று தலைமுறையினருக்கு வந்த நோய்களையும், அவை எந்த வயதில் வந்தன என்பதையும், இறந்தவர்கள் எதனால் இறந்தார்கள் என்பதையும் உறவுக்கோடுகளோடு ஒரே தாளில் வரைந்து வைக்கும் படத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம். அந்தச் சொல்லில் உள்ள குடும்பம், நலம், அட்டவணை என்னும் மூன்று உறுப்புகளும் வேறு இடங்களில் வேலைக்குப் போய்விட்டவை. குடும்பநல அறுவை சிகிச்சை என்றால் என்னவென்று சேரன்மகாதேவியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மணமுறிவு வழக்கு நடக்கும் இடமும் குடும்பநல நீதிமன்றம்தான். குடும்பம் என்பது ரேஷன் அட்டைக் கணக்கில் ஓர் அடுப்பில் உண்பவர்களைக் குறிக்கிறது. அதில் மருமகள் உண்டு, தென்காசியில் கட்டிக்கொடுத்த மகள் இல்லை. மருத்துவருக்கு முதலில் வேண்டியவளோ அந்த மகள்தான். அட்டவணை என்றாலோ கட்டங்கள்தாம் மிஞ்சும், கோடுகள் போய்விடும்.

வெறும் சொல்லாய்வாக இதை நான் எழுதவில்லை. போன ஆடி மாதம் கல்லிடைக்குறிச்சியில் எங்கள் ஆச்சியின் முன் அமர்ந்து, ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் இந்தப் படத்தை வரைந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் கண்டவருக்கு உள்ளே கறுப்பு, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு சாய்கோடு என்று எல்லா நாட்டு மருத்துவர்களும் போடும் குறிகளையே போட்டேன். தாத்தாவின் சதுரத்துக்கு வந்ததும், "அவருக்கு ஒரு நோயும் கிடையாது, காலில் முள் குத்தின புண் ஆறவில்லை, கட்டை விரலை எடுத்தார்கள், அதோடு படுத்தவர்தான்" என்றார் ஆச்சி. ஆறாத புண்ணும் எடுத்த விரலும் சர்க்கரையைச் சுட்டுகின்றன. ஆனால் அன்று யாரும் அளந்து பார்க்கவில்லை என்பதால் சதுரத்தைக் கறுப்பாக்காமல் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டேன். எந்த ஆண்டு என்று கேட்டதற்கு, "வெள்ளம் வந்ததற்கு மறு ஆனி, நெல்லையப்பர் தேர் ஓடின நாலாம் நாள்" என்று விடை வந்தது. தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது 1992 நவம்பரில். ஆகவே இறப்பு 1993. பெரியப்பா பிறந்தபோது தாத்தாவுக்கு இருபத்தைந்து இருக்கும் என்பதை வைத்து, வயது ஏறத்தாழ 68 என்று கணக்கிட்டோம். மருத்துவச் சீட்டு எதுவும் வீட்டில் இல்லை. இருந்தவை 2023 டிசம்பர் மழையில் ஊறிக் கூழாகிவிட்டன. ஆச்சியின் நினைவுதான் எங்கள் ஆவணக் காப்பகம்.

தொடக்கத்தில் நான் "வம்சாவளி எழுதப்போகிறேன்" என்று சொன்னதுதான் தவறாகப் போயிற்று. "எந்த நிலத்துக்கு?" என்று ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். முன்பு ஒரு பாகப்பிரிவினை வழக்கில் வம்சாவளிப் பட்டியல் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதில் அவரும் அவருடைய தங்கைகளும் இல்லை. ஆண்வழியை மட்டும் எண்ணிப் பழகிய அந்தச் சொல் நமக்கு உதவாது. தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என்று வாங்கிக்கொள்ளும் உடம்புக்கு இரு பக்கமும் ஒரே கனம். 'மரபுநோய்ப் படம்' என்பதும் வேண்டாம். பெண் பார்க்கும் வீட்டில் அந்தப் பெயரைக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நோயின்றித் தொண்ணூறு வயது வரை இருந்த பூட்டியின் வெற்று வட்டத்துக்கும் படத்தில் இடம் உண்டல்லவா?

ஆகவே என் பரிந்துரை 'கால்வழிப் படம்'. கால்வழி என்றால் சந்ததி. மகன் வழி, மகள் வழி என்ற கட்டு அந்தச் சொல்லுக்குள் இல்லை. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'பெடிகிரி' (pedigree) என்னும் பெயரும் 'கொக்கின் கால்' என்னும் பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்ததே. கோடு கிளைக்கும் இடம் கொக்கின் கால்தடம் போலிருந்ததால் அப்படிச் சொன்னார்களாம். இந்தப் பொருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது என்றாலும் அதை ஒரு வாதமாக முன்வைக்கவில்லை. 'கொடிவழி' என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். அது அரச மரபுகளுக்கே பழகிப்போனது என்று விட்டுவிட்டேன்.

உறவுப் பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சித்தப்பா என்றால் தந்தையின் தம்பியாகவும் இருக்கலாம், சித்தியின் கணவராகவும் இருக்கலாம். முன்னவர் இரத்த உறவு, பின்னவர் அப்படியில்லை. பெரியப்பா மகனையும் அண்ணன் என்றே சொல்கிறோம். எங்கள் அத்தை கட்டியதோ தன் தாய்மாமனை. அக்காள் மகளும் மாமனுமாகிய அவர்கள் பொதுவாகக் கொண்டிருக்கும் மரபுக்கூறு சராசரியாகக் கால் பங்கு. மாமன் மகள், அத்தை மகன் என்றால் அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு. ஒரே மறைகுறையை, அதாவது வெளியே தெரியாமல் மரபுக்கூற்றில் ஒளிந்திருக்கும் குறையை, இருவரும் சுமக்கும் வாய்ப்பு இங்கே கூடுவதால்தான் கணவன் மனைவிக்கு இடையில் இரட்டைக் கோடு போடுகிறார்கள். நம் பக்கத்துப் படங்களில் அந்தக் கோடு அடிக்கடி வரும். எனவே அதற்கும் பெயர் வேண்டும். 'சொந்தக்கோடு' என்கிறேன்.

*

தம்பிக்கு வணக்கம்.

நாங்குநேரிப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், எனக்குத் தெரிந்த அளவில் ஒன்று சொல்கிறேன். சொந்தக்கோடு மிக நன்று. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கால்வழி நடக்காது. நம் ஊரில் வாழைப்பழம் என்னவாக ஒலிக்கும் என்பது தம்பிக்குத் தெரியாததல்ல. திண்ணையில் உட்கார்ந்து "கால்வழிப் படம் எடுக்க வந்திருக்கிறேன்" என்று சொன்னால், கேட்பவர் காதில் கால்வலி என்றே விழும். புடவையை ஒதுக்கி முழங்காலைக் காட்டுவார், எக்ஸ்ரே எங்கே என்றும் கேட்பார். இந்தப் படத்துக்கான செய்தி முழுவதும் அந்தத் திண்ணையிலிருந்துதான் வர வேண்டும். அங்கே சொல்ல முடியாத சொல் ஏட்டில் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

கொடிவழியைத் தம்பி அவசரப்பட்டுத் தள்ளிவிட்டீர்கள். எங்களுக்குக் கொடி என்றால் முதலில் தொப்புள்கொடிதான். கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது என்ற பேச்சு இன்றும் இருக்கிறது; அந்த நம்பிக்கை தவறு, ஆனால் கொடி என்றதும் தாய்ப்பக்கம் நினைவுக்கு வருகிறது என்பதற்கு அதுவே சான்று. வம்சாவளி விட்டுவிட்ட பக்கம் அதுதானே?

*

அக்காவுக்கு நன்றி. முழங்காலைப் பற்றிப் படித்தபின் கால்வழிக்காக வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. ஆச்சியிடம் நேற்றுத் தொலைபேசியில் "கொடிவழி எழுதுகிறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். நிலத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தன் தாயாருக்குக் கடைசிக் காலத்தில் கை நடுக்கம் இருந்ததை, நான் கேட்காமலே சொன்னார்.

எனவே பட்டியலில் 'கொடிவழி நலப்படம்' என்று சேர்க்கிறேன். சுருக்கம் கொடிவழிப் படம். இரட்டைக் கோட்டுக்குச் சொந்தக்கோடு. எவரிடமிருந்து படம் தொடங்குகிறதோ அவரைக் காட்டும் அம்புக்குறிக்கு மட்டும் இன்னும் பெயர் அமையவில்லை. 'தொடக்கர்' என்பது எனக்கே பிடிக்கவில்லை. வேறு சொல் தோன்றுகிறவர்கள் இதே இழையில் எழுதுங்கள்.