கோயிலுக்கு உபயம் செய்த ஆலையிடம் தொழிலாளியின் பாக்கியைக் கேட்பது தவறா?

செம்மண்காடு (கேள்வி)

திண்டுக்கல் மாவட்டத்தில் நூற்பாலைகள் நிறைந்த ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். சென்ற ஆண்டு எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. மண்டபத்துக்குக் கருங்கல் தளம், வாசலுக்கு எஃகுக் கதவு, மூன்று நாள் அன்னதானம் என அனைத்தும் ஊருக்கு வெளியே உள்ள ஓர் ஆலையின் உபயம். கோயிலுக்குள் எரியும் ஒவ்வொரு குழல்விளக்கிலும் அந்த ஆலையின் பெயர் சிவப்பில் எழுதப்பட்டிருக்கிறது. முதலாளிக்குப் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்தார்கள்.

அதே ஆலையில் என் அண்ணி ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறார். மாதச் சம்பளம் 12,400 ரூபாய், அதில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்காக 93 ரூபாயை மாதந்தவறாமல் பிடித்திருக்கிறார்கள். கார்த்திகையில் மூச்சிரைப்பு அதிகமாகி இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனபோது, கணினியைப் பார்த்த ஊழியர் எட்டு மாதமாகப் பணமே கட்டப்படவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். தோட்டை அடகு வைத்துத்தான் தனியாரிடம் வைத்தியம் பார்த்தோம்.

இதைப் பேச ஊர்க்கூட்டத்தில் எழுந்தேன். "சாமி காரியத்துக்கு அள்ளிக் கொடுத்த மனுசனைக் கேள்வி கேட்கலாமா?" என்று உட்கார வைத்துவிட்டார்கள். அந்த அம்மனின் தேர் இன்றுவரை எங்கள் காலனித் தெருவுக்குள் வந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் நான் அவளைக் கும்பிடுகிறவன்தான். கோயிலுக்குச் செலவழித்ததை நிறுவனச் சமூகப் பொறுப்பு என்று ஆலை கணக்குக் காட்ட முடியுமா? அண்ணியின் பணத்தை எங்கே போய்க் கேட்பது?

பேரேடு

ஐயா, இரண்டையும் பிரித்துப் பாருங்கள். முதலில், அந்த ஆலை பதிவு பெற்ற கம்பெனியா, கூட்டு வணிகமா என்று அறிந்துகொள்ளுங்கள். சமூகப் பொறுப்புச் செலவைப் பற்றிய 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவு கம்பெனிகளுக்குத்தான் பொருந்தும். அதிலும் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டியிருந்தால் மட்டுமே, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும் என்ற கட்டாயம் வருகிறது. எதற்குச் செலவிடலாம் என்பதைச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை சொல்கிறது. கல்வி, சுகாதாரம், பசியொழிப்பு, வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களின் புனரமைப்பு ஆகியவை அதில் உண்டு. வழிபாடு என்றோ, குடமுழுக்கு என்றோ ஒரு தலைப்பு கிடையாது. அன்னதானத்தைப் பசியொழிப்பு என்றும் தளம் போட்டதைப் பழமைப் பாதுகாப்பு என்றும் எழுதிக்கொள்ள முயலக்கூடும் என்பதால், இயக்குநர் குழு அறிக்கையோடு இணைக்கப்படும் சமூகப் பொறுப்பு ஆண்டறிக்கையைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் செலுத்தினால் அதை யாரும் பார்க்கலாம்.

உங்களுக்கு இதைவிட முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. வேறொரு சட்டப்படி செய்தே ஆக வேண்டிய கடமையை நிறைவேற்றுவது சமூகப் பொறுப்புச் செலவாகாது. இ.எஸ்.ஐ. அத்தகைய கடமை. தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு, உங்கள் அண்ணியின் கணக்கில் அது 93 ரூபாயும் 403 ரூபாயும் ஆகும். எட்டு மாதத்துக்கு மொத்தமே 3,968 ரூபாய்தான் வருகிறது. சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவதைக் குற்றவியல் சட்டம் நம்பிக்கை மோசடியாகவே கருதுகிறது. முதலாளி கட்டத் தவறினாலும் தொழிலாளிக்கு உரிய பயனைக் கொடுத்துவிட்டு, முதலாளியிடமிருந்து வசூலிக்கும் அதிகாரம் இ.எஸ்.ஐ. கழகத்துக்கு உண்டு. சம்பளச் சீட்டுகளுடன் மதுரைத் துணை மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

பனங்காடு

சட்டத்தைச் சொல்லிவிட்டார்கள், நான் ஊர்ப்பெரியவர்களின் வாதத்துக்குப் பதில் சொல்கிறேன். பக்தியும் கேள்வியும் ஒன்றுக்கொன்று பகை என்பதை நியம்கிரி மக்கள் பொய்யாக்கிக் காட்டினார்கள். ஒடிசாவில் ராயகடா, காளஹண்டி மாவட்டங்களில் பரவியிருக்கும் அந்த மலையில் வேதாந்தா என்ற சுரங்கக் கம்பெனியின் லாஞ்சிகர் ஆலைக்காக பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவை வெட்டத் திட்டமிட்டபோது, அங்கு வாழும் டோங்கிரியா கோந்து பழங்குடியினர் அந்த மலை தங்கள் நியம ராஜாவின் இருப்பிடம் என்றார்கள். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை வெறும் உணர்ச்சியாக ஒதுக்கவில்லை. அரசியலமைப்பில் சமயச் சுதந்திரம் தரும் 25, 26ஆம் பிரிவுகளையும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தையும் முன்வைத்து, மக்களின் சமய உரிமைக் கோரிக்கைகளைக் கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்றது. மாவட்ட நீதிபதி பார்வையாளராக இருக்க, பன்னிரண்டு சிற்றூர்களிலும் சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. மறு ஆண்டு ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகமும் அனுமதியை மறுத்தது.

அந்த மக்கள் தங்கள் தெய்வத்தின் பெயராலேயே கம்பெனியைக் கேள்வி கேட்டார்கள். உங்கள் அம்மன் மட்டும் முதலாளிக்குச் சொந்தமாகிவிட்டாளா என்ன? காலனிக்குள் தேர் வராத ஊரில் முதல் மரியாதை யாருக்குப் போகிறது, யாருடைய வாயை அது அடைக்கிறது என்பதை அந்தப் பெரியவர்களிடமே நீங்கள் கேட்கலாம். என் மார்க்கத்தில், உழைத்தவரின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபிமொழி. கூலியை நிறுத்தி வைத்துவிட்டுச் செய்யும் தர்மத்தைத் தர்மம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

தாவணிக்காரி

அண்ணா, நானும் ஆலையில் இருந்தவள். சுமங்கலித் திட்டத்தில் பதினேழு வயதில் சேர்ந்தேன். மூன்று ஆண்டு முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். தாலி பாக்கியத்தைச் சொல்லும் பெயர் என்பதால் அம்மா மறுபேச்சில்லாமல் அனுப்பி வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஷிப்ட் ஏறுவோம். இரண்டு ஆண்டு எட்டு மாதத்தில் உடம்பு முடியாமல் வெளியே வந்தேன். கெடு முடியவில்லை என்று கூறி ஒரு பைசாவும் தரவில்லை. அப்போது எனக்கு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

இப்போது வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. 2021 ஜனவரியில் நம் மாவட்டத்தில் ஆடை ஆலையில் வேலை செய்த ஒரு தலித் பெண் கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஆடை தைக்கும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், அதை வாங்கி விற்கும் எச் அண்ட் எம் ஆகிய நிறுவனங்களோடு திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலினக் கொடுமையோடு சாதிக் கொடுமையையும் தடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆலை மீறினால் வாங்கும் கம்பெனியும் நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்றும் அதில் ஒப்புக்கொண்டார்கள். உங்கள் ஆலை அதற்குள் வராமல் போகலாம். இருந்தாலும் அண்ணியைத் தனியாக அனுப்பாதீர்கள். ஒருத்தி போனால் கேட்டிலேயே பேசி அனுப்பிவிடுவார்கள். நாலு பேர் சீட்டோடு போனால் உட்கார வைத்துத்தான் பேசுவார்கள்.

செம்மண்காடு

மூவருக்கும் நன்றி. அண்ணி தன் சம்பளச் சீட்டுகளை ஜவுளிக்கடைப் பையொன்றில் சேர்த்து வைத்திருக்கிறார். கட்டப்படாத எட்டு மாதத்துக்கும் சீட்டு இருக்கிறது. தங்கை சொன்னது போல அவருடைய பிரிவில் கேட்டுப் பார்த்தோம். இன்னும் நான்கு பெண்களுக்கு இதே எட்டு மாதம் கட்டப்படவில்லை என்று தெரிந்தது. அவர்களில் இருவர் குடமுழுக்குக்குப் பால்குடம் எடுத்தவர்கள். திங்கட்கிழமை காலைப் பேருந்தில் ஐந்து பேரையும் மதுரைக்கு அழைத்துப் போகிறேன்.