ஒயினரி கிளப்பில் சேர்வதா, டேஸ்டிங்குக்கு மட்டும் போய்வந்தால் போதுமா?

பாதிக்குவளை:

இரண்டு ஒயினரிகளின் மெம்பர்ஷிப் படிவம் கையில் இருக்கிறது. எதில் சேர்வது, சேரத்தான் வேண்டுமா என்று குழப்பம்.

முதலாவது: வருடத்துக்கு நாலு பார்சல், பார்சலுக்கு மூன்று பாட்டில். 20 சதவீதத் தள்ளுபடி. இரண்டு பேருக்கு டேஸ்டிங் இலவசம். எந்த பாட்டில் என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். மூன்று பார்சல் எடுத்த பிறகுதான் விலகலாம்.

இரண்டாவது: வருடத்துக்கு இரண்டு பார்சல், தலா ஆறு பாட்டில். 15 சதவீதம். பாட்டில்களை நாமே மாற்றிக்கொள்ளலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

வீட்டில் குடிப்பது இருவர், வாரத்துக்கு ஒரு பாட்டில் தீரும். நிலவறையோ ஒயின் ஃபிரிட்ஜோ கிடையாது. தள்ளுபடி உண்மையிலேயே லாபமா? படிவத்தில் எதைக் கவனித்துப் படிக்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை:

தள்ளுபடி சதவீதத்தை விடுங்கள், பார்சல் எண்ணிக்கையைப் பாருங்கள். பாட்டிலின் பட்டியல் விலை 100 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கிளப்: வருடத்துக்கு 12 பாட்டில், 1200. தள்ளுபடி 240. மூன்று பாட்டில் பார்சலுக்கு அனுப்பும் செலவு 45 என்றால் நாலு பார்சலுக்கு 180. மிச்சம் 60.

இரண்டாவது: அதே 12 பாட்டில், தள்ளுபடி 180. ஆறு பாட்டில் பார்சலுக்குச் செலவு இரண்டு மடங்கு ஆகாது, 60 என்று வையுங்கள். இரண்டு பார்சலுக்கு 120. மிச்சம் அதே 60.

20-ம் 15-ம் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. காரணம், பார்சலுக்கான அடிப்படைக் கட்டணமும், வயது சரிபார்த்துக் கையெழுத்து வாங்கும் கட்டணமும் பாட்டில் கணக்கில் வருவதில்லை, பெட்டிக் கணக்கில் வரும். 45, 60 என்பது நான் போட்ட எண். உங்கள் முகவரிக்கு என்ன கட்டணம் என்று கேட்டு அதை வைத்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, அதே ஒயின் கடையில் கிடைக்கிறதா என்று தேடுங்கள். ஒயினரி தன் கவுண்டரில் முழுப் பட்டியல் விலைக்குத்தான் விற்கும். கடைக்காரர் பெரும்பாலும் அதற்குக் கீழே விற்பார். கடையில் 90-க்குக் கிடைத்தால் கிளப்பில் சேராமலே 12 பாட்டிலில் 120 மிச்சம். அப்புறம் 20 சதவீதத்துக்கு என்ன அர்த்தம்?

இலவச டேஸ்டிங்கை, வருடத்தில் எத்தனை முறை நிஜமாகப் போவீர்களோ அத்தனைக்கு மட்டும் லாபக் கணக்கில் சேருங்கள். இரண்டு மூன்று பாட்டில் வாங்கினாலே டேஸ்டிங் கட்டணத்தைத் தள்ளிவிடும் ஒயினரிகள் நிறைய. அப்படிப்பட்ட இடமாக இருந்தால் இந்தச் சலுகையின் மதிப்பு பூஜ்யம்.

நிலவறை:

படிவத்தில் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

கார்டில் பணம் எடுக்கும் தேதியும் பார்சல் கிளம்பும் தேதியும் வேறு வேறு. 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்று போட்டிருந்தாலும், பணம் எடுப்பதற்கு இத்தனை நாள் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். அந்த நாள் தாண்டினால் ஒரு பார்சல் உங்கள் தலையில்தான். பாட்டில்களை மாற்றிக்கொள்ளவும் அதேபோல ஒரு கெடு உண்டு. மின்னஞ்சலைக் கவனிக்காமல் விட்டால் அவர்கள் பொறுக்கியதுதான் வரும். ஒரு பார்சலைத் தள்ளிப்போட முடியுமா, முடிந்தால் அது அந்தக் குறைந்தபட்ச மூன்றில் சேருமா என்பதையும் கேளுங்கள். இடையில் விலகினால் பழைய தள்ளுபடியைத் திரும்பப் பிடிக்கும் நிபந்தனையும் சிலவற்றில் இருக்கிறது. தள்ளுபடி பார்சலுக்கு மட்டுமா, பிறகு தனியாக வாங்கும் பாட்டிலுக்கும் உண்டா? இரண்டாவது வகைதான் பயனுள்ளது.

உங்கள் முகவரிக்கு அனுப்பச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்பதையும் முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 2005-ல் கிரான்ஹோம் எதிர் ஹீல்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், உள்மாநில ஒயினரிகளை நேரடியாக அனுப்ப விட்டுவிட்டு வெளிமாநிலத்தாரை மட்டும் தடுக்கக்கூடாது என்றது. எல்லோரையும் ஒரேபோலத் தடுத்தால் அந்தத் தீர்ப்பு குறுக்கே நிற்காது. அதனால் விதி இன்னமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. பெட்டியை வாங்க 21 வயது நிரம்பியவர் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் ஆள் இல்லையென்றால் பெட்டி வண்டியிலேயே ஊர் சுற்றும், கடைசியில் ஒயினரிக்கே திரும்பிப் போகும், திரும்ப அனுப்பும் செலவும் உங்களுடையது. பகலில் ஆள் இருக்கும் முகவரி அல்லது கூரியர் மையம் கொடுப்பது நல்லது.

வெயில்தான் பெரிய எதிரி. 30 டிகிரிக்கு மேல் சூடான வண்டியில் சில நாள் கிடந்தால் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும். பெட்டி வந்ததும் கழுத்தைப் பாருங்கள். கார்க் விளிம்புக்கு மேல் எழும்பியிருக்கிறதா, உறைக்கடியில் பிசுபிசுப்பாக ஒழுகிய தடம் இருக்கிறதா? இருந்தால் திறப்பதற்கு முன்பே படம் எடுத்து அன்றைக்கே எழுதுங்கள். உள்ளே பழவாசம் போய்க் காய்ச்சிய ஜாம் மணம் வந்திருக்கும். கடுங்குளிரும் ஆகாது, சுமார் மைனஸ் 6 டிகிரியில் ஒயின் உறைந்து அப்போதும் கார்க்கைத் தள்ளும். கோடைப் பார்சலைப் பிடித்துவைத்து இலையுதிர்காலத்தில் அனுப்பச் சொன்னால் அநேகமாக எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். கேட்டால்தான் செய்வார்கள் என்பதுதான் விஷயம்.

நிலவறை இல்லாததற்குப் பயப்பட வேண்டாம் (என் பெயரைப் பார்த்துவிட்டு இதை நம்பமாட்டீர்கள்). நீண்டகாலம் வைக்க 12–14 டிகிரி நல்லது. ஒரு வருடத்துக்குள் குடிக்கப்போகும் பாட்டிலுக்கு, 20 டிகிரியைச் சுற்றி ஏறி இறங்காமல் இருக்கும் இருட்டு அலமாரியின் அடித்தட்டு போதும். ஃபிரிட்ஜின் தலையிலும் அடுப்புக்குப் பக்கத்திலும் வைப்பதுதான் கூடாது. கார்க் பாட்டிலைப் படுக்க வையுங்கள்; திருகு மூடி எப்படி நின்றாலும் சரி. பார்சல் வந்த கையோடு திறக்காமல் ஒரு வாரம் விடுங்கள். வண்டல் உள்ள பழைய சிவப்பு என்றால் திறப்பதற்கு ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைக்க வேண்டும்.

மலையடிவாரம்:

கணக்குப்பிள்ளை சொன்னதில் ஒரு திருத்தம். கடைக்கே போகாத ஒயின்களும் உண்டு. சிறிய ஒயினரி ஒரு ரகத்தில் சில நூறு பெட்டிதான் போடும், கிளப்பிலேயே முழுவதும் தீர்ந்துவிடும். அங்கே தள்ளுபடி 10 சதவீதமோ, ஒன்றுமே இல்லையோ, சேர்வதற்கு நியாயம் இருக்கிறது. நீங்கள் வாங்குவது ஒயினில் ஒரு பங்கு, விலைக்குறைப்பு அல்ல. பெரிய ஒயினரியில், எல்லாக் கடையிலும் கிடைக்கும் ரகத்துக்குக் கிளப்பில் சேர்வதுதான் வீண்.

'மெம்பர்களுக்கு மட்டும்' என்ற லேபிளுக்கு மயங்காதீர்கள். மொத்தமே ஐந்து ரகம் போடும் ஒயினரி வருடத்துக்கு நாலு பார்சல் அனுப்ப வேண்டுமென்றால் என்ன செய்யும்? ஒன்று, அதே ஒயின் திரும்ப வரும். இல்லை, மிஞ்சிய பீப்பாய்களைக் கலந்து கிளப்புக்கென்று ஒரு புது லேபிள் ஒட்டும். அந்தக் கலவை நன்றாகவும் இருக்கலாம். ஆனால் சுவைத்துப் பார்க்காமல் வாங்குகிறீர்கள் என்பது ஞாபகம் இருக்கட்டும். போன வருடம் என்னென்ன பாட்டில் அனுப்பினார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். தரத் தயங்கினால் நானாக இருந்தால் சேரமாட்டேன்.

எதுவானாலும் டேஸ்டிங் கவுண்டரில் நின்றபடி கையெழுத்துப் போடாதீர்கள். நாலாவது குவளை, ஜன்னலுக்கு வெளியே தோட்டம், எதிரே அன்பாகப் பேசுகிறவர்: எல்லாமே ருசியில் சேரும். விலை கூட ருசியை மாற்றும். 2008-ல் வெளியான கால்டெக், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வொன்றில் ஒரே ஒயினை 10 டாலர், 90 டாலர் என்று இரண்டு விலை சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்று சொன்னபோது அதிகம் பிடித்தது. தேர்ந்த நாக்கும் விதிவிலக்கல்ல. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில் நடுவர்களுக்கு ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை தெரியாமல் ஊற்றிக்கொடுத்து ராபர்ட் ஹாட்சன் என்ற ஒயினரிக்காரர் சோதித்தார். மூன்றுக்கும் ஒரே பதக்க வரம்பில் மதிப்பெண் கொடுத்தவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான்.

அதனால் மூன்று வெவ்வேறு பாட்டில் வாங்கிப்போய், வாரத்துக்கு ஒன்றாக, வழக்கமான சாப்பாட்டோடு குடியுங்கள். அடுத்த நாள் மீதியையும் குடித்துப் பாருங்கள். மூன்றில் இரண்டையாவது முழு விலைக்குத் திரும்ப வாங்கத் தோன்றினால் படிவத்தை எடுங்கள்.

பாதிக்குவளை:

நன்றி. அப்படியென்றால் டேஸ்டிங்கையே சரியாகச் செய்ய வேண்டும் போலிருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை இடம் போகலாம்? சுவைத்த ஒயினை விழுங்காமல் துப்பத்தான் வேண்டுமா, அது மரியாதைக்குறைவு இல்லையா?

துப்பினால்_தப்பில்லை:

வாளி அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். துப்புகிறவரைத்தான் ஒயினரிக்காரர் விஷயம் தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்வார்.

கணக்கு இதுதான்: ஒரு முறை ஊற்றுவது 30 முதல் 60 மில்லி. 45 என்று வைத்தால் ஆறு ஒயினுக்கு 270 மில்லி. 14 சதவீத ஒயினில் அது கிட்டத்தட்ட 30 கிராம் ஆல்கஹால், அமெரிக்க அளவில் இரண்டு டிரிங்குக்குச் சற்று மேல். மூன்று இடம் போனால் 810 மில்லி, அதாவது ஒரு முழு பாட்டிலுக்கும் மேல். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், ஆகவே வண்டி ஓட்டுகிறவர் வேறு ஆளாக இருக்கட்டும். ஒரு நாளைக்கு இரண்டு இடம், மிஞ்சினால் மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் சிவப்பு ஒயினின் துவர்ப்பு நாக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்; அடுத்து வருவதெல்லாம் கரடாகத்தான் தெரியும்.

வாசனைத் திரவியம் போடாமல் போங்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் உபகாரம். பல் துலக்கிய உடனே வேண்டாம்: பற்பசையில் உள்ள நுரைக்கும் பொருள் இனிப்பை அமுக்கிக் கசப்பைத் தூக்கும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

குவளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சுழற்றுவதற்கு முன் ஒரு முறை முகருங்கள், சுழற்றிவிட்டு மறுபடி. ஒரு மடக்கு, 10–15 மில்லி, வாயில் ஐந்து முதல் பத்து விநாடி உருட்டி, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளிழுங்கள். பிறகு வாளிக்குக் கிட்டே குனிந்து, கன்னத்தை இறுக்கி ஒரே கீற்றாகத் துப்ப வேண்டும். வீட்டில் தண்ணீர் வைத்துப் பழகிக்கொண்டு போனால் சட்டை பிழைக்கும். துப்பிய பின் ருசி எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுங்கள்.

வரிசை: நுரைக்கும் ஒயின், இலேசான வெள்ளை, கனமான வெள்ளை, இலேசான சிவப்பு, கனமான சிவப்பு, கடைசியில் இனிப்பு. இனிப்பை நடுவில் குடித்தால் அடுத்தது வெறும் புளிப்பாகத் தெரியும்.

தட்டில் சீஸ் வைத்தால் முதலில் தொடாதீர்கள். அதிலுள்ள கொழுப்பு துவர்ப்பை மழுக்கிவிடும், முரட்டுச் சிவப்பும் மெத்தென்று இறங்கும். சீஸ் இல்லாமல் ஒரு மடக்கு, பிறகு சீஸோடு ஒரு மடக்கு. வெள்ளை அதிகக் குளிர்ச்சியாக வந்தால் குவளையின் வயிற்றை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் ஏந்திப் பிடியுங்கள். குளிர்ச்சி மணத்தையும் மறைக்கும், குறையையும் மறைக்கும்.

பாட்டில் எப்போது திறந்தது என்று கேட்கத் தயங்காதீர்கள். முந்தாநாள் திறந்ததில் அடிபட்ட ஆப்பிள் மணம் வந்தால் அது ஒயினின் குற்றம் ஆகாது. ஈர அட்டைப்பெட்டி மாதிரி மணம் வந்தால் கார்க் கெட்டது. அந்த மணத்துக்குக் காரணமான டிசிஏ என்ற பொருள் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும். புது பாட்டில் கேளுங்கள், மறுபேச்சில்லாமல் திறப்பார்கள். எரிந்த தீக்குச்சி மணம் என்றால் அவசரப்படாமல் சுழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். வினிகர் மணமும் நெயில் பாலிஷ் மணமும் போகாது.

விலைப்பட்டியலைக் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒயின் பெயர், ஆண்டு, மணத்துக்கு இரண்டு சொல், 'இதற்கு எவ்வளவு கொடுப்பேன்' என்ற தொகை. எல்லாம் எழுதி முடித்த பிறகு பட்டியலைத் திருப்புங்கள். உங்கள் தொகை அவர்கள் விலைக்குக் கீழேயே இருந்தால் கிளப் பேச்சே எடுக்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

மலையடிவாரத்தின் திருத்தம் சரி. கடையில் இல்லாத ஒயினுக்கு என் கணக்கு பொருந்தாது.

உங்கள் இரண்டு படிவத்தில் எதையாவது எடுப்பதென்றால் இரண்டாவது. வருடத்துக்கு உங்கள் வீட்டுச் செலவு 52 பாட்டில், இரண்டில் எது எடுத்தாலும் 12 வரும், தேங்காது. மாற்றிக்கொள்ளும் உரிமை 5 சதவீத வித்தியாசத்தைவிடப் பெரியது. இரண்டு பார்சலும் எந்தெந்த மாதம் என்று கேளுங்கள். ஒன்று கோடையில் விழுந்தால், இரண்டையும் சேர்த்து இலையுதிர்காலத்தில் 12 பாட்டில் ஒரே பெட்டியாக அனுப்ப முடியுமா என்று பேசிப் பாருங்கள். அனுப்பும் செலவும் குறையும். பெட்டி 16 கிலோவுக்குக் குறையாது, மாடிவீடு என்றால் தூக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.