எரிந்து எரிந்து அணையும் செக் இன்ஜின் லைட்: உங்கள் அனுபவம்?

பழைய ஸ்டெப்னி
செகண்ட் ஹேண்ட் வண்டி, வாங்கி இரண்டாவது வாரம். சில நாள் காலையில் எடுத்தவுடன் எரியும், பட்டறையில் வரச் சொன்ன நாளுக்குள் தானாக அணைந்துவிடும். மூன்று முறை இப்படி. கடைசித் தடவை மெக்கானிக் சாவியைப் போட்டு மீட்டரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார் பாருங்கள்! கோளாறு வண்டிக்கா எனக்கா என்று எடைபோடுகிற பார்வை. கடுப்பில் நானே வண்டியின் எரர் கோடைப் படிக்கும் ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்கிச் செருகினேன். பி0301, முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஃப்ரீஸ் ஃப்ரேமில், அதாவது பழுது வந்த நொடியில் வண்டி பதிந்து வைத்த அளவுகளில், கூலன்ட் 29 டிகிரி. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் வருகிறது, பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் சூடாகி வெண்ணெய் மாதிரி ஓடும். முதல் சிலிண்டரின் ஸ்பார்க் ப்ளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டேன். அடுத்த முறை பி0303, காயிலோடு பழுதும் மூன்றாவது சிலிண்டருக்குப் போய்விட்டது! வண்டி ரிப்பேர் என்று தெரிந்து வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மூடி போட்டாச்சா
எனக்கு வெறும் பெட்ரோல் மூடி. பி0457, டேங்கிலிருந்து பெட்ரோல் ஆவி கசிகிறது என்ற கோட். இத்தனைக்கும் டிக் டிக் சத்தம் வரும்வரை திருகித்தான் மூடுவேன். ரப்பர் வளையம் வெடித்திருந்தது. டேங்க் நிரப்பிய அன்றைக்கு எரியாது, கொஞ்சம் குறைந்த பிறகுதான். டேங்க் நிறைந்திருந்தால் வண்டி அந்தக் கசிவுச் சோதனையையே ஓட்டாதாம். மூடியை மாற்றியும் லைட் அணையவில்லை, பதறிப்போய் இன்னொரு மூடி வாங்கினேன். தொடர்ந்து மூன்று ஓட்டம் பழுதில்லாமல் போனால்தான் அணையும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாவது மூடி இன்னும் டேஷ்போர்டில் கிடக்கிறது.

கையில் கிரீஸ்
ஸ்டெப்னி, லைட் அணைந்தால் எரர் கோட் அழிந்துவிடாது. சுமார் 40 முறை இன்ஜின் சூடாகி ஆறும்வரை நினைவில் இருக்கும். ஸ்கேனரை எடுக்காமல் உங்கள் முகத்தைப் பார்த்தாரே, அதுதான் தப்பு. காயிலோடு ஸ்பார்க் ப்ளக்கையும் இடம் மாற்றினீர்களா? அப்படியென்றால் எது குற்றவாளி என்று எப்படிச் சொல்வீர்கள்?

என் கதை சின்னது. என் வண்டியில் லைட் எரிந்ததே இல்லை. மீட்டரைக் கழற்றினால் பல்பின் மேல் கறுப்பு டேப்.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். அந்த லைட் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் கிளம்பிவிடுங்கள். ஸ்கேனரில் 'கோட் அழித்தபின் ஓடிய தூரம்' பாருங்கள். 12 கிலோமீட்டர் என்று வந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்தான் யாரோ துடைத்திருக்கிறார்கள். இன்னொன்று, லைட் விட்டு விட்டு மின்னினால் ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும்.

விற்றவன்
அந்த 12 கிலோமீட்டர் கணக்கால் நொந்தவன் நான். முந்தின நாள்தான் பேட்டரி மாற்றினேன். பேட்டரியைக் கழற்றினாலே பல வண்டிகளில் எல்லாம் அழிந்துவிடும். வாங்க வந்தவரிடம் பேட்டரி ரசீதையே நீட்டினேன். அவர் ஸ்கேனரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள்" என்று போய்விட்டார்.

பழைய ஸ்டெப்னி
கிரீஸ், ப்ளக்கைத் தொடவில்லை, காயில் மட்டும்தான். பி0303ஐ ஃபோட்டோ எடுத்து அந்த மெக்கானிக்கிடம் காட்டப் போனேன். கடை பூட்டியிருந்தது.