பிளக்-இன் ஹைபிரிட் வாங்கினவை வாங்கோ: விலைச்சீட்டில இல்லாத என்ன செலவு உங்களுக்கு வந்தது?

வெண்பனி (ஸ்காபரோ)

கன நாளா இதை எங்கயாவது எழுதோணும் எண்டு இருந்தது. ரொயோற்றா ராவ்4 பிரைமுக்கு (சுவர்ப் பிளக்கில குத்திக் கரண்டிலயும் ஓடலாம், பெற்றோலிலயும் ஓடலாம், அதுதான் பிளக்-இன் ஹைபிரிட்) 2021 ஆனியில ஆயிரம் டொலர் கட்டிப்போட்டு வரிசையில நிண்டனான், டீலரிட்ட இருந்து கோல் வந்தது 2023 மாசியில. காத்திருந்த கதை எல்லாருக்கும் தெரியும், அதை விடுவம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனனான், ஏனெண்டால் என்னை விட அவர்தான் அந்தக் காரில பைத்தியமா இருந்தவர், பதினெட்டு கிலோவாட் மணிப் பற்றரி, 68 கிலோமீற்றர் தனிக் கரண்டில ஓடும், 302 குதிரைவலு எண்டு கோயில்ல காணுற ஆக்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர்.

நான் பேர் பதியேக்க எஸ்ஈ மொடல் 44,990 டொலர். ரெண்டு வருசத்தில விலை ஏறினது சரி, அது எதிர்பாத்ததுதான். சேல்ஸ்காரன் தள்ளின தாளில அதுக்குக் கீழ "புரொடெக்சன் பாக்கேஜ்" எண்டு 5,800 டொலர் கிடந்தது. துருப்பிடிக்காமப் பூச்சு, கண்ணாடியில நம்பர் கீறுறது, டயருக்கு நைட்ரஜன் காத்து, சீற்றுக்கு ஏதோ ஸ்பிரே. எனக்கு இது வேண்டாம் எண்டனான். "அப்ப கார் அடுத்த ஆளுக்கு, பின்னால நாப்பது பேர் நிக்கினம்" எண்டான். அவன் கையில இருந்த பேனையை டிக் டிக்கெண்டு அமத்திக்கொண்டே இருந்தான், அந்தச் சத்தம் இப்பவும் காதுக்க நிக்குது. அப்பாவுக்கு அவ்வளவு இங்கிலீசு விளங்காது. ஜாக்கெற் கூடக் கழட்டாம இருந்தவர், என்ர முகத்தைப் பாத்திட்டு "என்ன தம்பி, காசு காணாதோ, நான் தரட்டோ" எண்டு மெதுவாக் கேட்டார்.

நான் கையெழுத்து வைச்சிட்டன்.

பிளக் இருக்கிற காருக்கு மத்திய அரசாங்கம் தந்த 5,000 டொலர் கழிவு எனக்கு வரவே இல்லை எண்டுதான் நான் நினைக்கிறன். தாளில என்ர பேரில வந்து, பூச்சிலயும் காத்திலயும் போய்ச் சேர்ந்தது டீலரிட்ட.

கணக்குப்புத்தகம் (மார்க்கம்)

வெண்பனி, கோவிக்காதேங்கோ, 5,800 அநியாயம்தான், ஆனா அந்த பாக்கேஜ் இல்லாட்டியும் கணக்கு சரிவந்திருக்குமோ எண்டு பாருங்கோ. என்ர கதை சின்னன். 2022 ஆனியில பெற்றோல் லீற்றர் 2 டொலர் 15 சதத்துக்குப் போன நேரம், பம்பில நிண்டு பாக்கேக்க நம்பர் 120ஐத் தாண்டி ஓடுது, நெஞ்சு பதறி நேரா டீலரிட்டப் போய் பிளக் இருக்கிற எதையாவது தாங்கோ எண்டு கேட்டனான். மனுசி கையைப் பிடிச்சு வெளியில இழுத்துக்கொண்டு வந்து காருக்க வைச்சு "ஒரு இரவு நித்திரை கொண்டிட்டு வாங்குவம்" எண்டா. அடுத்த நாள் பிளக் இல்லாத ராவ்4 ஹைபிரிட்தான் எழுதினம்.

இப்ப கணக்கு. வேலை நாளில ஐம்பது கிலோமீற்றர், வருசத்தில 250 நாள், மொத்தம் 12,500 கிலோமீற்றர் எண்டு வையுங்கோ. என்ர ஹைபிரிட் நூறுக்கு 6 லீற்றர் குடிக்கும், அப்ப 750 லீற்றர், லீற்றர் ஒண்டரை டொலர் எண்டால் 1,125 டொலர். அதே தூரம் பிரைம் கரண்டில ஓடினா நூறுக்கு 22 யூனிட் சொச்சம், எல்லாமா 2,800 யூனிட் வரும். ஒன்ராறியோவில நாங்களாக் கேட்டு மாறக்கூடிய ஒரு கரண்ட் ரேற் இருக்கு, அதில இரவு பதினொண்டில இருந்து காலமை ஏழு வரை மலிவு, 2025 ஐப்பசி வரை யூனிட் 2.8 சதமா இருந்தது, ஆனா டெலிவரி, ரெகுலேற்றரி எண்டு மற்றதுகளும் சேரும், நான் ஆறு சதம் எண்டு போடுறன். 170 டொலர் கூட வராது. வருசத்தில மிச்சம் 950 டொலர் அளவில. எனக்கு அப்ப தந்த ரெண்டு கோட்டேசனுக்கும் வித்தியாசம் பத்தாயிரம். கழிவு 5,000 போனா அஞ்சு வருசத்துக்குக் கொஞ்சம் கூட, கழிவு இல்லாட்டி பத்து வருசத்துக்கு மேல. உங்கட 5,800 இன்னும் ஆறு வருசம் கூட்டுது. அதோட 2025 சித்திரையில கார்பன் வரி எடுபட்டு லீற்றருக்கு 17 சதத்துக்கு மேல குறைஞ்சது, பெற்றோல் குறையக் குறைய பிளக்கின்ர லாபமும் குறையும். ஒன்ராறியோவின்ர கழிவு 2018 ஆடியிலயே நிண்டது, மத்திய கழிவும் 2025 தையில நிண்டது.

இனி வாங்கிற ஆக்களுக்குச் சொல்லுறன். ஒன்ராறியோவில டீலர் விளம்பரத்தில போடுற விலைக்குள்ள அவையின்ர எல்லாக் கட்டணமும் அடங்கோணும், எச்எஸ்டி எண்ட விற்பனை வரியும் லைசென்சும் மட்டும்தான் வெளியில நிக்கலாம். அதனால கடைக்குப் போக முதலே ஈமெயிலில "கதவைத் திறந்து வெளியில போற விலை என்ன" எண்டு எழுதிக் கேளுங்கோ. கையெழுத்து வைச்ச பிறகு மனம் மாறினா திருப்பிக் குடுக்க இங்க கால அவகாசம் எண்டு ஒண்டு இல்லை, வீட்டு வாசலுக்கு வந்து விக்கிற சாமானுக்கு இருக்கிற பத்து நாள் கதையை டீலரிட்ட வாங்கின காருக்குப் போட்டுக் குழம்பாதேங்கோ. 240 வோல்ற் சார்ஜர் பூட்ட உடன ஓடாதேங்கோ, சாதாரண சுவர்ப் பிளக்கில பிரைம் பன்னிரண்டு மணித்தியாலத்தில நிரம்பும். ஆனா ஒண்டு, மலிவு நேரம் எட்டு மணித்தியாலம்தான், அதுக்க மூண்டில ரெண்டு பங்குதான் ஏறும், தினமும் அறுபது கிலோமீற்றர் ஓடுற ஆள் எண்டால் அப்ப யோசிக்கலாம். ஒயில் மாத்திறது, கூலன்ற், எல்லாம் பெற்றோல் கார் மாதிரியே இருக்கு, பிளக் இருக்கிறதால சேர்விஸ் செலவு இல்லாமப் போகாது. பற்றரிக்குப் பயப்பிடுற ஆக்கள் வொறன்ரியைப் பாருங்கோ, கனடாவில ரொயோற்றா 2020 மொடலில இருந்து ஹைபிரிட் பற்றரிக்கு 10 வருசம் இல்லாட்டி 240,000 கிலோமீற்றர் குடுக்குது.

நைட்ஷிப்ட் (ஏஜாக்ஸ்)

கணக்குப்புத்தகம் அண்ணை, இரவு பதினொண்டுக்குக் கார் வீட்டில நிக்கும் எண்டு ஆர் சொன்னது? நான் நேர்ஸ். இரவு வேலை. பத்தரைக்கு வெளிக்கிட்டா காலமை ஏழே முக்காலுக்குத்தான் வருவன். அந்த 2.8 சதக் கரண்ட் ஓடுற எட்டு மணித்தியாலமும் என்ர கார் ஆசுப்பத்திரிப் பார்க்கிங்கில குளிரில கிடக்கும்.

எல்லாரும் மாறுங்கோ மாறுங்கோ எண்டு சொன்னதால நானும் அந்த ரேற்றுக்கு மாறினனான். ஒருத்தரும் சொல்லாத விசயம், அது காருக்கு மட்டும் இல்லை, முழு வீட்டுக்கும்தான் மாறுது. வார நாளில பின்னேரம் நாலில இருந்து ஒன்பது வரை அப்ப யூனிட் 28 சதத்துக்கு மேல இருந்தது. நான் காலமை வந்து பிளக்கைக் குத்திப்போட்டுப் படுப்பன், வெறும் சுவர்ப் பிளக், எழும்பேக்க அஞ்சு மணி, கார் இன்னும் இழுத்துக்கொண்டு நிக்கும். பிறகு டைமர் வைச்சு நாலுக்கு நிக்கப் பண்ணினனான், அது சரி.

அம்மாவுக்கு டைமர் வைக்க ஏலாதே. ஒரு நாள் லீவில நிண்டனான், இரவு எட்டு ஐம்பதுக்குக் கீழ இறங்கி வந்தால் குசினியில லைற் கூடப் போடாம அம்மா நிக்கிறா, அரிசி கழுவி வைச்சபடி, மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு. "ஒன்பது அடிக்கட்டும் பிள்ளை, அடுப்பைப் போடுறன்" எண்டா. எத்தினை நாளா இப்பிடி எண்டு கேட்டன். நீ மாத்தின நாளில இருந்து எண்டா. தம்பி பள்ளிக்கூடத்தால வந்து பாண் சாப்பிட்டிட்டு இருந்திருக்கிறான்.

அடுத்த நாளே பழைய ரேற்றுக்கு மாத்திப்போட்டன். உங்கட 170 டொலர்க் கணக்கு எனக்குச் சரிவராது, வரவும் வேண்டாம்.

ஹரோக்காரன் (லண்டன்)

இங்கத்தை அனுபவம் ஒண்டு. 2017ல மூண்டு வருசம் பழசான மிற்சுபிசி அவுட்லாண்டர் பிளக்-இன் வாங்கினனான், ஒரு கொம்பனி லீசில ஓடினது, 61,000 மைல். வீட்டுக்குக் கொண்டு வந்து பின் டிக்கியைத் திறந்து சார்ஜிங் கேபிள் பையை எடுத்தால், கேபிள் இன்னும் பொலித்தீன் உறைக்குள்ள. கட்டி இருந்த கம்பி கூட அவிழ்க்கேல்லை. மகள்தான் உறையைக் கிழிச்சவள், புதுப் பள்ளிக்கூடப் பை வாங்கின மாதிரி ஒரு மணம் வந்தது. நான் கராஜில அப்பிடியே நிண்டிட்டன்.

மூண்டு வருசம் ஒருத்தனும் அதைப் பிளக் பண்ணேல்லை. ஏனெண்டு விளங்க எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. கொம்பனி குடுக்கிற காருக்கு இங்க ஓடுறவன் வரி கட்டோணும், 2014ல அந்த மொடலுக்குக் கார் விலையில 5 சதவீதத்துக்குத்தான் வரி, டீசலுக்கு அதை விடப் பல மடங்கு. அரசாங்கம் 5,000 பவுண் குடுத்ததால விலையும் டீசல் அவுட்லாண்டரோட சமம். பெற்றோலுக்குக் கொம்பனி கார்ட் இருக்கும், வீட்டில எடுக்கிற கரண்டுக்குக் காசு கேட்டு வாங்கிறது பெரிய வேலை. அப்ப ஓடினவனுக்குப் பெற்றோல் சும்மா, கரண்ட் சொந்தக் காசு. அவன் ஏன் பிளக் பண்ணப் போறான்? கலனுக்கு 148 மைல் எண்டு போட்டு வித்த காரில திரையில நிண்டது 33.

வெண்பனி சொன்ன 5,000மும் இந்த 5,000மும் எனக்கு ஒண்டுதான். அங்க டீலர் எடுத்தான், இங்க கொம்பனிகள் எடுத்தது. 2018 கடைசியில பிளக்-இன்னுக்கு அந்தக் காசை நிப்பாட்டினவை, 2021 ஐப்பசியோட கஞ்செஸ்சன் சார்ஜ், அதுதான் நகர மையத்துக்குக் காரில போகக் கட்டுற காசு, அந்த விலக்கும் போச்சு, இப்ப நகரத்துக்க போனா மற்றவை மாதிரி நானும்தான் கட்டுறன். ஆனா ஏழு வருசம் ஒவ்வொரு இரவும் பிளக் பண்ணி ஓட்டினனான், பள்ளிக்கூடமும் கடையும் வேலையும் பெற்றோல் இல்லாமத்தான் போச்சு. அந்தக் கார் எனக்குத்தான் உண்மையா லாபம் தந்தது.

கொங்குநாடன் (மிசிசாகா)

எல்லாரும் கரண்ட், பெட்ரோல்னு பேசுறீங்க, நான் மாட்டுனது சீட்ல. பழைய 2017 பிரியஸ் பிரைம் வாங்கினேன். 8.8 யூனிட் பேட்டரி, 40 கிலோமீட்டர், ஆபீஸ் போய்ட்டு வர கரெக்டா போதும், செம விலைக்கு வந்துச்சு. நாங்க ரெண்டு பேர், ஒரு குழந்தை. பின் சீட்ல நடுவுல கப் வைக்கிற மேடை இருக்கறத பாத்தேன், அதோட அர்த்தம் அன்னிக்கு உரைக்கல.

மாமனார் மாமியார் கோயமுத்தூர்ல இருந்து வந்தாங்க. பியர்சன் ஏர்போர்ட் டெர்மினல் 1, ராத்திரி, வெளிய பனி. நாலு பேருக்குத்தான் பெல்ட், நாங்க அஞ்சு பேர். டிக்கியில பேட்டரி இருக்கறதால தரை உசந்து கெடக்கு, பெரிய சூட்கேஸ் ஒண்ணு கூட நிமிந்து நிக்கல. மாமியார் சூட்கேஸ் மேல கைய வச்சுக்கிட்டு "நாங்க பின்னாடி வாடகை வண்டியில வர்றோம் மாப்ள, நீங்க கொழந்தைய கூட்டிட்டு போங்க"ன்னாங்க. இருபது மணி நேரம் பறந்து வந்தவங்க. அந்த ஆறு மாசம் எங்க போனாலும் ரெண்டு வண்டி. 2020 மாடல்ல இருந்துதான் அதுல அஞ்சாவது சீட் வந்துச்சு. மிச்சம் புடிச்சது எல்லாம் வாடகை வண்டிக்கே போச்சுங்க.

பத்தாம்மாடி (நோர்த் யோர்க்)

வீட்டில கராஜ் இருக்கிற ஆக்கள் கதைக்கிறதைக் கேக்க ஆசையா இருக்கு. நான் கொண்டோவில, அதுதான் அடுக்குமாடியில, இருக்கிறன். என்ர பார்க்கிங் இடத்துக்குப் பக்கத்துத் தூணில ஒரு பிளக் இருக்கு, நிலம் கழுவுற மெசினுக்கு. மனேஜ்மன்றிட்ட ரெண்டு தரம் ஈமெயில் போட்டனான், மாசம் எவ்வளவு எண்டாலும் சொல்லுங்கோ கட்டுறன் எண்டு. பதில் இல்லை. பிறகு காரை அந்தப் பிளக்கில குத்தத் தொடங்கினனான்.

மூண்டாம் கிழமை மகனோட கீழ போறன், வயர் அழகாச் சுத்தி பொனற்றில வைச்சிருக்கு, மேல ஒரு தாள், பெரிய எழுத்தில "தெஃப்ட்". மகனுக்கு எட்டு வயசு. எழுத்துக்கூட்டி வாசிச்சுப்போட்டு "அப்பா, தெஃப்ட் எண்டா களவு தானே?" எண்டு கேட்டான். நான் காரை எடுக்கும் வரைக்கும் ஒண்டும் சொல்லேல்லை. ஒரு இரவுக்கு ஒரு டொலரும் வராத கரண்ட்.

அண்டையில இருந்து பெற்றோல்தான். நூற்றைம்பது கிலோவுக்கு மேல பற்றரியைச் சும்மா சுமந்துகொண்டு ஓடுறன்.

கணக்குப்புத்தகம்

பத்தாம்மாடி, 2018 வைகாசியில கொண்டோச் சட்ட விதியை மாத்தினவை. சொந்தக்காரர் எழுத்தில விண்ணப்பம் குடுத்தா கொண்டோவின்ர நிர்வாகசபை 60 நாளுக்குள்ள பதில் சொல்லோணும், சும்மா மாட்டன் எண்டு தள்ள ஏலாது, ஆபத்து எண்டு தொழில்முறை அறிக்கை வேணும். பூட்டுற செலவு உங்கட. ஈமெயில் காணாது, திட்டப் படத்தோட முறையான விண்ணப்பமாக் குடுங்கோ. நைட்ஷிப்ட் தங்கச்சி, நீங்கள் சொன்னது சரி, முழு வீட்டுக்கும் மாறும் எண்டதை நான் எழுதியிருக்கோணும். சனி ஞாயிறில அந்த உச்ச விலை இல்லை எண்டதையும் சேத்துச் சொல்லுறன்.

வெண்பனி

அண்ணை, உங்கட கணக்கில பதினொரு வருசம் எண்டு பாத்தாலும் பரவாயில்லை, கார் நல்லாத்தான் ஓடுது. டைமர் இருக்கு எண்டு சொன்னாலும் அப்பா கேக்க மாட்டார், பதினொண்டு அடிக்க ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு போய் அவரே குத்திப்போட்டு வருவார். பாக்கேஜ் காசு எவ்வளவு எண்டு இன்னும் அவருக்குச் சொல்லேல்லை.

பத்தாம்மாடி

நன்றி அண்ணை. ஆனா "சொந்தக்காரர்" எண்டு எழுதியிருக்கிறியள். நான் வாடகைக்கு இருக்கிறன். வீட்டுக்காரருக்கு நேற்று எழுதினனான், விண்ணப்பத்தில அவர் ஒரு கையெழுத்து வைச்சாக் காணும், செலவு முழுக்க என்ர எண்டு. இண்டைக்கு வந்த பதில்: "லீஸ் முடியேக்க பாப்பம்." லீஸ் முடிய இன்னும் பதினொரு மாசம் கிடக்கு.