வடசென்னைக்காரர் என்றதும் எழும் கேள்விகளுக்கு நீங்கள் எப்படிப் பதில் சொல்கிறீர்கள்?

கேள்வி: தண்டையார்பேட்டைவாசி

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்த நான், பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எந்த ஊர் என்று கேட்பவரிடம் அதைச் சொன்ன மறுகணமே, "அங்கெல்லாம் இரவில் தனியாக நடமாட முடியுமா?", "தெருவுக்குத் தெரு ரவுடிகளாமே?" என்ற கேள்விகள் வந்துவிடுகின்றன. சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள் என்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் மனம் ஒப்பவில்லை.

அலுவலகக் கேலியோடு இது நின்றிருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். என் தங்கைக்கு வந்த நல்ல வரன் ஒன்று, ஜாதகம் பொருந்தி, படிப்பும் வேலையும் இரு வீட்டாருக்கும் பிடித்துப்போன பிறகு, "வடசென்னையில் சம்பந்தம் வேண்டாம் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள்" என்ற ஒரே காரணத்தால் தட்டிப்போய்விட்டது. அந்தப் பெரியவர்களில் ஒருவர்கூட எங்கள் தெருவுக்கு வந்து பார்த்ததில்லை. இனி யார் கேட்டாலும் பாரிமுனைப் பக்கம் என்று பொதுவாகச் சொல்லிவிடும்படி உறவினர் ஒருவர் அறிவுரை கூறுகிறார். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. கேட்பவரைப் புண்படுத்தாமலும் ஊரை விட்டுக்கொடுக்காமலும் எதை எடுத்துச் சொல்வது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1: ஏழுகிணறு

தம்பி, ஊரின் வரலாற்றிலிருந்து தொடங்குங்கள், அதைவிட வலுவான பதில் வேறில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று வாலாஜாவை நோக்கிப் புறப்பட்டது நம் இராயபுரத்திலிருந்துதான். அந்த நிலையக் கட்டடம் இன்றும் அங்கேயே நிற்கிறது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்டு, செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு, வாடியா, திரு.வி.க. ஆகியோரால் வளர்க்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று போற்றப்படுகிறது. ஆலை முதலாளியின் முன் கைகட்டி நின்ற ஒருவர், சங்கத்தின் பெயரால் நிமிர்ந்து நின்று கூலியையும் வேலை நேரத்தையும் பற்றிப் பேச இந்த மண்ணில்தான் கற்றுக்கொண்டார்.

வள்ளலார் இளமையில் வாழ்ந்தது எங்கள் ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில். அவர் மனமுருகிப் பாடிய கந்தகோட்டம் நடந்து போகும் தூரம். பட்டினத்தார் சமாதி திருவொற்றியூர்க் கடற்கரையில் இருக்கிறது. பார்சி மக்களின் அக்கினிக் கோயில் 1910 முதல் இராயபுரத்தில் இருக்கிறது. ஸ்டான்லி மருத்துவமனையை எங்கள் வீட்டு முதியவர்கள் இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. இரக்கமற்ற ஊர் என்று சொல்பவரிடம் இந்த ஒன்றைச் சொன்னாலே போதும்.

பதில் 2: எண்ணூர்க் கழிமுகம்

ஐயா சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் பழம்பெருமையைக் கேட்டுக்கொள்பவர், "அது அந்தக் காலம், இப்போது ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்பார். அதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும். கோட்டைக்குள் வெள்ளையர் குடியிருக்க, வடக்கே உள்ளூர் மக்கள் வாழ்ந்த பகுதியைக் கறுப்பர் நகரம் என்று ஒதுக்கிவைத்த காலத்திலிருந்தே இந்தப் பாகுபாடு தொடங்கிவிட்டது. பிறகு துறைமுகமும் ஆலைகளும் வந்தன. எண்ணூரில் அனல் மின் நிலையம், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, கொடுங்கையூரில் மலைபோல் குவிந்த நகரத்துக் குப்பை என்று அடுக்கடுக்காக எல்லாம் இந்தப் பக்கமே வந்து சேர்ந்தன. நகரம் முழுவதற்கும் வெளிச்சமும் எரிபொருளும் போகிற இடத்தில் சாம்பலும் புகையும் மட்டும் எங்களுக்கு என்று ஆயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர் வீடுகளுக்குள் புகுந்ததையும், மீனவர்களின் படகுகளும் வலைகளும் பாழானதையும் நாடே பார்த்தது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு "அழுக்கான ஊர்" என்று சொல்பவர், அந்த எண்ணெய் யாருடைய தேவைக்காக அங்கே சுத்திகரிக்கப்படுகிறது என்று ஒரு நிமிடம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

குற்றமே நடப்பதில்லை என்று மட்டும் வாதிடாதீர்கள். நடக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஆலையை நம்பியிருந்த குடும்பங்கள், ஆலைக் கதவு மூடப்பட்டதும் நிலையில்லாத ஒப்பந்தக் கூலிக்குத் தள்ளப்பட்டபோது, சில இளைஞர்கள் தவறான கைகளில் சிக்கினார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தெற்கே ஒரு கொலை நடந்தால் குற்றவாளியின் பெயர் செய்தியாகிறது, இங்கே நடந்தால் ஊரின் பெயர் செய்தியாகிறது. நம் எதிர்ப்பு அந்த வேறுபாட்டின் மீது இருக்கட்டும்.

பதில் 3: வியாசர்பாடி ஆசிரியை

நான் இந்தப் பகுதிப் பள்ளி ஒன்றில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. நான் சொல்ல விரும்புவது சற்று வேறு. வெளியாரைக் குறை சொல்லும் நாமே நமக்குள் அதே வேலையைச் செய்கிறோம். தண்டையார்பேட்டைக்காரர் வியாசர்பாடியைக் கைகாட்டுகிறார், வியாசர்பாடிக்காரர் புளியந்தோப்பைக் கைகாட்டுகிறார், புளியந்தோப்புக்காரர் காசிமேட்டைக் கைகாட்டுகிறார். "நாங்கள் படித்தவர்கள், எங்கள் தெரு அமைதியானது, அந்த ஹவுசிங் போர்டு பிள்ளைகள்தான் அப்படி" என்று சொல்லித் தப்பிக்கிற ஒவ்வொருவரும், அந்த வரனை மறுத்த பெரியவர்களின் பேச்சைத்தான் வேறு முகவரியோடு திரும்பச் சொல்கிறார்கள். அந்த ஹவுசிங் போர்டு பிள்ளைகள் என் மாணவர்கள். விடியற்காலையில் தாயோடு மீன் ஏலத்துக்குப் போய்விட்டு வந்து, குளித்து, சீருடை மாட்டிக்கொண்டு முதல் பாடவேளைக்கு வந்து உட்காரும் பிள்ளைகள் அவர்களில் இருக்கிறார்கள். மாலையில் கால்பந்து ஆடிவிட்டு இருவராக வண்டியில் திரும்பினால், எந்தக் காரணமும் இல்லாமல் நிறுத்தி விசாரிக்கப்படுபவர்களும் அவர்களே. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அண்ணா நகரில் உள்ள சித்தியின் முகவரியை எழுதலாமா என்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள். அவள் கேள்வியில் இருந்த அச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

நம்மிடம் சாதனையாளர்களுக்குக் குறைவில்லை. வியாசர்பாடி இளவழகி 2008இல் பிரான்சில் கேரம் உலகப் பட்டத்தை வென்றார். புதுவண்ணாரப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்களைப் பெற்றார். அவர்களைப் பற்றிப் பெருமையோடு பேசுங்கள். ஆனால் நாம் நல்லவர்கள் என்பதற்கு அவர்களைச் சான்றிதழாக நீட்ட வேண்டாம். பதக்கம் வெல்லாத பிள்ளைக்கும் சந்தேகப்படப்படாமல் வாழும் உரிமை உண்டு.

பதில் 4: திருவொற்றியூர் மருமகள்

சகோதரரே, நான் மாம்பலத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். என் பெற்றோரும் முதலில் தயங்கினார்கள். என் மாமனார் அதற்காக வருத்தப்படாமல், நிச்சயம் பேசுவதற்கு முன்பே ஒருநாள் மாலை எங்கள் குடும்பத்தையே அழைத்து, தியாகராஜர் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் கூட்டிப்போய், அக்கம்பக்கத்தார் எல்லோரையும் அறிமுகம் செய்துவைத்தார். அதற்குப் பிறகு என் அப்பா மறுப்புச் சொல்லவில்லை. இப்போது 2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது, தூரம் என்று சொல்லவும் வழியில்லை. அடுத்து வரும் வரனிடம் உங்கள் தங்கையின் விவரக் குறிப்பில் தெருப் பெயரோடு முழு முகவரியையும் எழுதிக் கொடுங்கள். ஜாதகம் பார்ப்பதற்கு முன்பே வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வர மறுப்பவர்களை அப்போதே விட்டுவிடலாம்.