சிறுகுறிஞ்சான் இலை மென்னதுல இருந்து இனிப்பே தெரியல, உதவி ப்ளீஸ்

தோட்டத்து வேலியில படர்ந்திருந்த சிறுகுறிஞ்சான்ல ரெண்டு இலைய சும்மா பறிச்சு மென்னேன், செம கசப்பு. அப்புறம் காபி குடிச்சா சர்க்கரையே போடாத மாதிரி இருக்கு, வெறும் சீனிய அள்ளி வாயில போட்டா மணல் மாதிரி நறநறங்குது. ஆனா ஊறுகாயோட உப்பு, புளிப்பு பளிச்சுனு தெரியுது, காபி வாசனையும் வருது. நாக்கு போயிடுச்சா?

கொல்லைப்பக்கம்: பயப்படாதீங்க தம்பி, அரை மணி, ஒரு மணி நேரத்துல தானா சரியாயிடும். அந்த இலையோட வேலையே அதுதான்.

லேப்கோட்டு: அண்ணன் சொல்றது சரி. இனிப்ப கண்டுபிடிக்கிற செல்லு மேல டி1ஆர்2, டி1ஆர்3னு ரெண்டு புரதம் ஜோடியா இருக்கும், சர்க்கரை அதுல ஒட்டுனாதான் நரம்புக்கு சிக்னல் போகும். இலைல இருக்கற ஜிம்னெமிக் ஆசிட் டி1ஆர்3ல போய் உக்காந்துக்கும், அதனால சர்க்கரை வந்தாலும் செல்லு அசையாது. சுகர் ஃப்ரீ மாத்திரை போட்டாலும் இதே கதைதான், ஏன்னா அதுக்கும் இதே ஜோடிதான். கசப்புக்கு செல்லே வேற, அதுல கிட்டத்தட்ட 25 வகை ரிசப்டர் (இந்த மாதிரி சிக்னல் பிடிக்கிற புரதத்துக்கு அதான் பேரு). உப்பும் புளிப்பும் இன்னும் வேற ரூட்டு, அயனியே, அதாவது மின்னேற்றம் உள்ள குட்டித் துகளே, நேரா செல்லுக்குள்ள போயிடும், அதான் ஊறுகாய் தப்பிச்சுது. (பூனைக்கு டி1ஆர்2 ஜீனே வேலை செய்யாது, பாயசம் வெச்சாலும் இனிப்பு தெரியாது பாவம்.)

கேட்டவர்: ஓ சூப்பர். அப்போ வாசனை மட்டும் எப்படி?

லேப்கோட்டு: அது மூக்கோட டிபார்ட்மென்ட் பாஸ். அங்க சுமார் 400 வகை ரிசப்டர், ஒரு செல்லுக்கு பொதுவா ஒரே வகைதான். காபி ஆவில நூத்துக்கணக்கான கெமிக்கல், ஒவ்வொண்ணும் பல வகை ரிசப்டர தட்டும், எதெல்லாம் சேர்ந்து அடிக்குதுன்னு பாத்துதான் மூளை இது காபி, இது பெருங்காயம்னு பிரிக்குது. இந்த ரிசப்டர் ஜீன்கள 1991ல கண்டுபிடிச்ச லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் ரெண்டு பேருக்கும் 2004ல நோபல் குடுத்தாங்க.

கேட்டவர்: இப்ப லேசா இனிப்பு தெரிய ஆரம்பிச்சிருச்சு, நன்றி. அப்பாவுக்கு சுகர், மாத்திரை போடறாரு, இந்த இலைய தினமும் குடுக்கலாமா?

கொல்லைப்பக்கம்: டாக்டர்கிட்ட கேக்காம குடுக்காதீங்க தம்பி, மாத்திரையோட இதுவும் சேர்ந்தா சுகர் ரொம்ப இறங்கிடலாம்.