ஆங்கிலப் போட்டிக்கு ஐந்து வாரமே உள்ளது: விவாதத்துக்கும் ஸ்பெல்லிங்குக்கும் தமிழ்வழி மாணவியரை எப்படி ஆயத்தம் செய்வது?

களக்காட்டு ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். களக்காட்டை அடுத்த சிற்றூர் ஒன்றில், அரசு உதவி பெறும் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். பாளையங்கோட்டையில் அடுத்த மாதக் கடைசியில் நடைபெறவிருக்கும் ஆங்கிலப் போட்டிக்கு எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவியர் மூவர் செல்கின்றனர். மூவரும் ஓரணியாக விவாதத்தில் பேச வேண்டும். அவர்களில் ஒருத்தி ஸ்பெல்லிங் சுற்றிலும் நிற்க வேண்டும். விவாதப் பொருளை ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் சொல்வார்களாம். ஸ்பெல்லிங் சுற்றில் எழுதுவதற்கு இடமில்லை. ஒலிவாங்கியின் முன் நின்று எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும்.

வழக்கம்போல நானே உரைகளை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். மூவரும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்கள். ஆனால் ஒத்திகையின்போது நான் எதிரணியாக இருந்து ஒரு கேள்வியை இடையில் வீசியதும், அணித்தலைவி கண்ணை மூடிச் சற்று நின்றுவிட்டு, நான் எதுவுமே கேட்காததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது.

ஸ்பெல்லிங்கில் நிற்பவள் வகுப்பிலேயே நன்றாகப் படிப்பவள். இருந்தும் ‘டெஃபினிட்’, ‘கிராமர்’, ‘அக்காமடேட்’ போன்ற சொற்களில் ஓரெழுத்தாவது தவறிவிடுகிறது. அவளுடைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லின் அடியிலும் பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதி வைத்திருக்கிறாள். இதை நிறுத்தச் சொல்வதா, விட்டுவிடுவதா என்பதும் தெரியவில்லை. பட்டறிவுள்ளவர்கள் வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.

பாளை முன்னாள் நடுவர்:

வணக்கம் டீச்சர். கல்லூரி அளவிலும் பள்ளி அளவிலும் சில ஆண்டுகள் விவாதப் போட்டிகளில் நடுவராக அமர்ந்திருக்கிறேன். ஸ்பெல்லிங்கைப் பற்றிப் பிறர் சொல்லட்டும். நான் விவாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நம் பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டியும் பட்டிமன்றமும் பழக்கம், விவாதம் பழக்கமில்லை. சிக்கலின் வேர் அதுதான். பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கினால் பாதி வெற்றி. விவாதத்திலோ எதிரணி சொன்னதைக் காதில் வாங்கி விடை சொன்னாயா என்பதைத்தான் நடுவர் தேடுவார். மூவர் அணிப் போட்டிகள் பெரும்பாலும் உலகப் பள்ளிகள் விவாத முறையைச் சுருக்கி எடுத்துக்கொண்டவை. அந்த முறையில் நூற்றுக்கு 40 மதிப்பெண் கருத்துக்கும், 40 பேசும் பாங்குக்கும், 20 உத்திக்கும் உரியவை. ஒருவர் 8 நிமிடம் பேசும்போது முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் காப்புடையவை. இடைப்பட்ட நேரத்தில் எதிரணியினர் எழுந்து சுருக்கமாகக் கேள்வி எழுப்பலாம். பேசுபவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டே போனால் அஞ்சுகிறார் என்று நடுவர் குறித்துக்கொள்வார். உங்கள் போட்டியில் நேரம் குறைவாக இருக்கக்கூடும், விதித்தாளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதிக் கொடுத்த உரைகளை இன்றே எடுத்துப் பரண்மேல் போட்டுவிடுங்கள். மறுப்புக்கு நான்கு படிகளை மட்டும் பழக்கினால் போதும்: ‘தே சே’ என்று எதிரணியின் கருத்தை நேர்மையாக எடுத்துரைப்பது, ‘பட்’ என்று மாறுபடுவது, ‘பிகாஸ்’ என்று காரணம் காட்டுவது, ‘தேர்ஃபோர்’ என்று அதனால் வழக்கு எப்படிச் சாய்கிறது என்பதைச் சொல்வது. பள்ளி மாணவர்கள் பெரும்பாலும் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுவார்கள்.

ஆள் நிறுத்துவதிலும் ஒரு செய்தி உண்டு. ஆங்கிலம் நன்றாக வருபவரைக் கடைசியில் நிறுத்துவது பள்ளிகளின் வழக்கம். அது தவறு என்பேன். மூன்றாம் பேச்சாளரின் உரையில் பெரும்பகுதி மறுப்பு என்பதால், அதை வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வர இயலாது. கூர்ந்து கேட்டு, கேட்டதைக் குறிப்பெடுத்து வைத்துக்கொள்ளும் பிள்ளை எதுவோ, ஆங்கிலம் சற்றுத் தட்டுத்தடுமாறினாலும் அதையே மூன்றாவதாக நிறுத்துங்கள்.

பயிற்சிக்குத் தொலைவான பொருள் வேண்டாம். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் நாள்கணக்கில் கூடாரமடித்துத் தங்குவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதையே கொடுங்கள். அக்கோயில் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது; களக்காடு, முண்டந்துறை சரணாலயங்களை இணைத்து அந்தக் காப்பகத்தை உருவாக்கிய ஆண்டு 1988. கோயிலின் வழிபாடு அதற்கு முந்தியது. ஆற்றில் சேரும் துணியும் பிளாஸ்டிக்கும் ஒரு பக்கம், குலதெய்வத்துக்குப் பொங்கலிடும் குடும்பங்களின் உரிமை மறுபக்கம். இரு பக்கமும் பேசுவதற்கு அவர்களிடமே செய்தி இருக்கும். தேட வேண்டியது ஆங்கிலம் மட்டுந்தான்.

வள்ளியூர் பெற்றோர்:

என் மகன் சென்ற ஆண்டு இதுபோன்ற போட்டி ஒன்றுக்குச் சென்றான். நாளொன்றுக்கு ஐம்பது சொற்கள் வீதம் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தோம். வீட்டில் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்று கட்டளையும் இட்டோம். இரண்டாம் சுற்று வரை சென்றான். உழைப்புக்கு ஈடாக எதுவுமில்லை என்பது என் கருத்து.

அம்பாசமுத்திரம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வள்ளியூர் அண்ணாச்சி பொறுத்துக்கொள்ள வேண்டும். நாளுக்கு ஐம்பது என்றால் ஐந்து வாரத்தில் ஆயிரத்து எழுநூற்றைம்பது சொற்கள் ஆகின்றன. பட்டியலில் இல்லாத சொல் வந்தால் பிள்ளை என்ன செய்யும்? ஆங்கிலம் கற்பிக்கும் தகுதி எனக்கில்லை. எனினும் தமிழ் இலக்கணம் தெரிந்த பிள்ளைக்கு இந்தப் போட்டியில் ஒரு கைமுதல் இருக்கிறது என்பதைச் சொல்லவே வந்தேன்.

‘அக்காமடேட்’ என்ற சொல்லில் இரண்டு ‘சி’ ஏன் வருகின்றன என்று என் பேத்தி ஒருநாள் கேட்டாள். அகராதியைப் பார்த்தபோது, இலத்தீனில் ‘அட்’ என்ற முன்னொட்டு ‘கோ’ என்னும் ஒலியைச் சந்தித்து ‘அக்’ எனத் திரிந்தது தெரியவந்தது. ‘பல்’லும் ‘பொடி’யும் சேர்ந்து ‘பற்பொடி’ ஆவதும், ‘முள்’ளும் ‘செடி’யும் சேர்ந்து ‘முட்செடி’ ஆவதும் நமக்குப் புதிதா என்ன? ‘இன்’ என்ற எதிர்மறை முன்னொட்டு ‘லீகல்’ முன் ‘இல்’ ஆகிறது, ‘மார்ட்டல்’ முன் ‘இம்’ ஆகிறது; ஆகவேதான் ‘இல்லீகல்’ என்பதில் இரண்டு ‘எல்’, ‘இம்மார்ட்டல்’ என்பதில் இரண்டு ‘எம்’. இதைப் புணர்ச்சி என்று சொல்லிக் கொடுத்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும். ஒரு விதியில் நூறு சொற்கள் வந்து விழும்.

விவாதத்துக்கும் ஒன்று. நன்னூல் எழுவகை மதம் என்று ஏழு நிலைகளைக் கூறுகிறது. உடன்படலும் மறுத்தலும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது, ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவு’. எதிரியின் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு, ஏற்றுக்கொண்ட பிறகும் அது நில்லாது என்று காட்டிக் களைவது. ஆங்கிலத்தில் ‘ஈவன் இஃப்’ என்று தொடங்குவார்களே, அது இதுதான். நடுவர் தம்பி குறிப்பிட்ட நான்கு படிகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பென்சில் எழுத்தைப் பற்றி: கட்டாயம் நிறுத்தச் சொல்லுங்கள், அம்மா. ‘பெட்’ என்று தமிழில் எழுதிவிட்டால் அது படுக்கையா, பந்தயமா, செல்லப்பிராணியா என்று தமிழ் எழுத்தால் காட்ட இயலாது. நம் எழுத்து நம் மொழிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

முன்னாள் போட்டியாளர், மேலப்பாளையம்:

பள்ளியில் படிக்கும்போது ஸ்பெல்லிங் சுற்றுகளில் நின்றவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

அழுத்தமில்லாத உயிரொலியில்தான் பெரும்பாலோர் வீழ்கிறார்கள். காதுக்கு ‘அ’ போலவும் ‘எ’ போலவும் மங்கலாகக் கேட்கும் அந்த இடத்தில் ‘ஏ’யா, ‘இ’யா, ‘ஐ’யா என்பது தெரியாது. அதற்கு அச்சொல்லின் உறவுச் சொல்லைத் தேட வேண்டும். ‘கிராமர்’ என்பதன் கடைசியில் ‘ஏ-ஆர்’ என்பதை ‘கிரமேட்டிகல்’ காட்டிக்கொடுக்கும், அங்கே ‘ஏ’ அழுத்தமாக ஒலிப்பதால். ‘டெஃபினிட்’ என்பதில் ‘ஐ’ என்பதை ‘ஃபைனைட்’ காட்டிக்கொடுக்கும். தங்கை ஒரு நோட்டுப் போட்டு இப்படி இணை இணையாக எழுதி வரட்டும்.

மேடையில் கேட்கக்கூடிய உரிமைகளைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. பொருள், சொல்வகை, எம்மொழியிலிருந்து வந்தது, வாக்கியத்தில் எப்படி வரும் ஆகியவற்றைக் கேட்கப் பெரும்பாலான போட்டிகளில் இடமுண்டு. 1985-ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய ஸ்பெல்லிங் போட்டியில் பாலு நடராஜன் வென்ற கடைசிச் சொல் ‘மில்யூ’. பிரெஞ்சுச் சொல் என்று தெரியாதவர் காதில் விழுந்தபடி எழுதினால் கிட்டவும் வர முடியாது. எம்-ஐ-எல்-ஐ-இ-யூ என்பதே அதன் எழுத்துக்கூட்டு. கிரேக்கம் என்றால் ‘ஃப’ ஒலிக்குப் ‘பி-ஹெச்’, ‘க’ ஒலிக்குச் ‘சி-ஹெச்’ வரக்கூடும் என்று மனம் உடனே ஆயத்தமாக வேண்டும்.

தமிழிலிருந்து போன சொல் வந்தால் மகிழ்ந்து ஏமாந்துவிடக் கூடாது. ‘கேட்டமரான்’ நம் கட்டுமரந்தான். ஆனால் அதில் ஒரே ஒரு ‘டி’, நடுவில் ‘யூ’ கிடையாது, கடைசியில் ‘என்’. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆனபோது ‘டபிள்யூ’ ஒன்றும் உள்ளே புகுந்துகொண்டது. வெள்ளைக்காரர் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் எழுதினார்கள்.

இன்னொன்று: சொல்லிவிட்ட எழுத்தைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே சொல்லை முதலில் உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கட்டும். ‘ஜி’யும் ‘ஜே’யும், ‘எம்’மும் ‘என்’னும் ஒலிபெருக்கியில் குழம்பும், கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கும்படி சொல்லிப் பழக வேண்டும். ‘டபுள் எஸ்’ என்று சொல்லலாமா, பிரித்தானிய எழுத்துக்கூட்டா அமெரிக்க எழுத்துக்கூட்டா என்பதை முன்கூட்டியே அமைப்பாளர்களிடம் கேட்டுவிடுங்கள்.

களக்காட்டு ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. ஒரு வாரம் முயன்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பற்பொடி உதாரணம் வகுப்பு முழுவதும் பரவிவிட்டது. ஸ்பெல்லிங் சுற்றில் நிற்காத பிள்ளைகளும் இரட்டை எழுத்துச் சொற்களைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். பென்சில் எழுத்துகளை அவளே அழிக்கத் தொடங்கியிருக்கிறாள், பாதிப் புத்தகம் வரை வந்திருக்கிறது.

சொரிமுத்து அய்யனார் பொருளை வைத்து விவாதம் நடத்தினோம். ஆண்டுதோறும் குடும்பத்தோடு அங்கே சென்று தங்கும் பிள்ளைக்கு வேண்டுமென்றே கட்டுப்பாட்டை ஆதரிக்கும் பக்கத்தைக் கொடுத்தேன். முதலில் முகத்தைத் தூக்கினாள். பிறகு ஆற்றங்கரையில் அவள் கண்ணால் கண்டதையெல்லாம் அவளே சான்றாக வைத்தாள். மூன்றாம் பேச்சாளராக, மூவரில் வாயே திறக்காத பெண்ணை நிறுத்தினேன். ‘ஈவன் இஃப்’ என்று தொடங்கியவள் நடுவில் ஆங்கிலம் அகப்படாமல் தமிழுக்குத் தாவி, தட்டுத்தடுமாறி மீண்டும் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தாள். ஆயினும் கேட்ட கேள்விக்கு விடை சொன்னாள்.

இதில் ஒரு தொல்லை முளைத்திருக்கிறது. கடைசியில் பேசுவதே தலைவிக்கு அழகு என்று எண்ணியிருந்த அணித்தலைவி, முதலிடத்துக்கு மாற்றியதிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அவளை என்ன சொல்லித் தேற்றுவது?

பாளை முன்னாள் நடுவர்:

தேற்ற வேண்டாம், டீச்சர்; வேலை கொடுங்கள். மூவரும் பேசி முடித்தபின் ஒவ்வோர் அணிக்கும் 4 நிமிட நிறைவுரை ஒன்று உண்டு. அதை மூன்றாம் பேச்சாளர் ஆற்றக் கூடாது, முதலாமவரோ இரண்டாமவரோதான் ஆற்ற வேண்டும் என்பது அந்த முறையின் விதி. உங்கள் போட்டியிலும் நிறைவுரை இருக்குமானால், அணியின் கடைசிச் சொல் அவளுடையதே. விதித்தாளின் அந்தப் பக்கத்தை அவளையே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.